துரைசாமியின் நாற்காலி

சென்ற மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், முதுகில் 'துரைசாமி' என்று எழுதி ஒட்டிய சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஃபேரர் பார்க்கில் ரயிலேறி, டோபி காட்டில் வழித்தடம் மாறி, மார்சிலிங்கில் இறங்கியது. உயரம், குழந்தைகளுக்கு இலவசம் என்ற தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் குறைவு என்பதால் யாரும் கட்டணம் கேட்கவில்லை. வழியில் இடமில்லாமல் நின்ற கர்ப்பிணி ஒருத்தியை அது நோவீனா வரை உட்கார வைத்து வந்தது. அது தேடி வந்தது மங்களத்தின் தம்பியை. மங்களத்துக்குத் தம்பியே கிடையாது.

மார்சிலிங்கில் வசிக்கும் மங்களம் சாங்கி விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள். கணவன் இறந்த பிறகு குடிக்கத் தொடங்கினாள். ரசம் கொண்டுபோகும் பிளாஸ்கில் வோட்காவை ஊற்றிக்கொண்டு போவாள். ரசம் என்றால் யாரும் ஒரு வாய் கேட்க மாட்டார்கள். ஜனவரியில் மகள் சிவானிக்குச் சளி பிடித்து, அந்த ரசத்தைக் குடித்துப் பார்த்தாள். கத்தவில்லை. கைப்பேசியில் தேடி, குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடும் கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை நாலு மணி, ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டு மாடி, தமிழில்.

"ஃபேரர் பார்க்கா? அங்க பாதிப் பேரு நம்ம சொந்தக்காரங்கடி."

"மீதிப் பாதி பக்கத்துல உக்காருங்கமா. இன்னொரு தடவை அந்த பிளாஸ்க்கப் பாத்தேன், நான் அத்தை வீட்டுக்குப் போய்டுவேன். சீரியஸ் லா."

மங்களம் அந்த வாசலை நாலு தடவை கடந்து போனாள். யாராவது பார்த்தால் சொல்வதற்கு ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். ஐந்தாவது தடவை மழை பிடித்துக்கொண்டதால் மாடியேறினாள். டாக்ஸி ஓட்டும் ரத்னவேல், ஏழு வருடமாகக் குடிக்காதவர், காகிதக் கோப்பையில் தேநீரை நீட்டி, "வாங்கக்கா, யாருக்காக வந்திருக்கீங்க?" என்றார். மங்களத்தின் வாய் அவளைக் கேட்காமலே, "தம்பிக்குங்க. துரைசாமி. ரொம்பக் குடிக்கிறான்" என்றது. அந்த அறையின் வழக்கப்படி, வரவேண்டியவர் பேரை எழுதி ஒட்டி ஒரு நாற்காலி போட்டார்கள்.

அதிலிருந்து வாராவாரம் அவள் துரைசாமியின் கதையைச் சொன்னாள். அவன் சோயா சாஸ் பாட்டிலில் ஒளித்து வைப்பதைச் சொன்னபோது அறையே சிரித்தது. மூன்று பேர் தாங்களும் அதே பாட்டில்தான் என்றார்கள். வேலை முடிந்ததும் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், கை நடுங்கினால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், ஆசை வந்தால் எந்நேரமும் எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று துரைசாமிக்கு அவர்கள் சொன்னதையெல்லாம் அவள் வீட்டில் செய்தாள். துரைசாமி தேறிவந்தான். அவன் குடிக்காமல் பத்தொன்பது நாள் ஆனபோது எல்லாரும் கைதட்டினார்கள். நாற்காலியும் முன்காலைத் தரையில் தட்டியதாகப் பலர் சொல்கிறார்கள். அன்று ரயிலில் மங்களம் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இல்லை.

இருபத்தைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் ஒரு பிரிவுபசார விருந்து. மங்களம் குடித்துவிட்டாள். மறுநாள் காலை ரத்னவேலுக்கு, தம்பி இந்தியாவுக்குப் போய்விட்டான், இனி வரமாட்டோம் என்று செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தாள். கூட்டத்துக்கு ஏற்பாடு செய்ய முன்னதாகவே வந்திருந்த ரத்னவேல் செய்தியை அறையில் சத்தமாக வாசித்ததும் நாற்காலி எழுந்து படியிறங்கியது.

இரண்டரை மணிக்குக் கதவைத் திறந்தவள் சிவானி.

"அம்மா, ஒரு நாற்காலி வந்திருக்கு. யாரும்மா துரைசாமி?"

மங்களம் வெளியே வந்தாள். நாற்காலி அவளைத் தாண்டி உள்ளே போய், படுக்கையறை, சமையலறை, குளியலறைக் கதவு என்று ஒவ்வோர் இடமாகத் துரைசாமியைத் தேடியது. எங்கும் இல்லாததால் திரும்பி வந்து, நான்கு காலும் தளர்ந்தாற்போல நடு ஹாலில் நின்றது. அதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அத்தை வீட்டுக்குப் போகும் பெட்டி சிவானியின் கட்டிலடியில்தான் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான்தான்டி துரைசாமி," என்றாள். "நேத்துக் குடிச்சிட்டேன்."

 சிவானி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "மூணு மணி ரயிலப் பிடிச்சா நாலுக்குள்ள போய்டலாம். முகத்தக் கழுவுங்க," என்றாள்.

மூவரும் ஓடினார்கள். டோபி காட்டில் தடம் மாறும் மின்படிக்கட்டில் நாற்காலி இரண்டிரண்டு படியாகத் தாவியது; மங்களம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் தாவினாள்; நாற்பத்தெட்டு வயதில் அவள் இப்படி ஓடியதில்லை. நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அறைக்குள் நுழைந்து, மூச்சு வாங்க, முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் பேரு மங்களம். தம்பில்லாம் இல்ல. குடிக்கிறது நான்தான். இன்னிக்கு எனக்கு மொத நாளு."

"நான் மொதல்ல வந்தது மச்சானுக்காகக்கா," என்றார் ரத்னவேல். "எனக்குக் கூடப்பிறந்தவங்களும் இல்ல, அப்பக் கல்யாணமும் ஆகல." சிரிப்புச் சத்தம் கீழே பூக்கடை வரை கேட்டது.

சிவானி மார்சிலிங்கிலேயே இருக்கிறாள். மங்களம் இனிச் சனிக்கிழமை வேலை வராதபடி மாற்றி வாங்கிக்கொண்டாள். போன வாரம் கூட்டம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. வராத ஆட்களைத் தேடி ஜூரோங்குக்குப் போன இரண்டு நாற்காலிகள் இன்னும் வந்து சேரவில்லை. மழைநாளில் அப்படித்தான்.