அறுபத்திரண்டு கிலோ அந்தோணிமுத்து

அருள்மேரி தொண்ணூறு கிலோ தள்ளுகிறாள் என்று எங்கள் தெருவுக்குச் சொன்னவள் நான்தான். மறுக்கவில்லை. மெஷினில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு காலால் தள்ளினாள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதையும் சொன்னால் செய்தி சுருங்கிப்போகும்.

அவள் வீடு எனக்கு எதிர்வீடு. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர்கள் கூடம், கூடத்தில் இரும்புக் கட்டில், கட்டிலில் அவள் புருஷன் அந்தோணிமுத்து. கீழ்வேளூர்ப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவர். போன ஆடியில் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வலது கை மட்டும் பழைய கை. பிள்ளைகள் கிடையாது. தையல் மெஷினை விட்டு எழுந்தால் அவரைத் தூக்குவதுதான் அருள்மேரிக்கு வேலை. கார்த்திகையில் ஒருநாள் தூக்கும்போது இரண்டு பேருமாக விழுந்தார்கள். அப்புறம்தான் அவள் ஜிம்முக்குப் போனாள்.

உரக்கடை மாடியில் மதிவாணன் நடத்துகிற ஜிம் அது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெண்கள் நேரம். பெண்கள் என்றால் அருள்மேரி, அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க நான். எங்கோ மூடிய ஜிம்மிலிருந்து வாங்கி வந்த மெஷின்கள். ஊசியை அடுத்த ஓட்டையில் செருகினால் எடை கூடிவிடும். மார்கழி முடிவதற்குள் தொண்ணூறு தள்ளினாள். எனக்கே தோள் நிமிர்ந்தது.

தையில் மறுபடியும் விழுந்தார்கள். இந்தத் தடவை அவருக்கு இடது காறை எலும்பு முறிந்தது.

திருச்சியிலிருந்து அவருடைய தம்பி ரெஜின் வந்தான். அவனைத் திட்டலாம் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். வந்தவன் முகம்கூடக் கழுவாமல் அண்ணன் காலைத் துடைத்துவிட்டான். திட்ட வாய் வரவில்லை. “அண்ணி, உங்க மேல கோவம் இல்ல. உங்களால முடியல, அவ்வளவுதான்” என்றான். இப்படி விழுந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள, திருச்சிப் பக்கம் ஏதோ ஓர் இல்லமாம். படிவத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தான். அந்தோணிமுத்து சுவரைப் பார்த்தபடியே, “போயிடறேன்டா” என்றார்.

அருள்மேரி முடியாது என்றாள். கடைசியில் ரெஜின் ஒரு வழி சொன்னான். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள்கிழமை வண்டியோடு வருவான். அவன் கண் முன்னால் அவள் தனியாக அண்ணனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துவிட்டால் அவர் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வண்டி. அதுவரை கொள்முதல் நிலையத்து ஆட்கள் காலையும் மாலையும் வந்து தூக்கிவிடுவதாக ஏற்றுக்கொண்டார்கள்.

மறுநாள் அவள் மதிவாணனிடம் நேராகக் கேட்டாள். தொண்ணூறு தள்ளுகிறவளுக்கு அறுபத்திரண்டு கிலோ மனுஷனை ஏன் தூக்க முடியவில்லை?

“மெஷின் தண்டவாளத்துல போகுதுக்கா. தள்ளுறது மட்டும்தான் நீங்க. கோணாம விழாம பாத்துக்கிறது எல்லாம் அது. அண்ணன் என்ன தண்டவாளத்துலயா இருக்காரு?”

மூலையில் கிடந்த கம்பியை எடுத்துத் தரையில் போட்டான். வெறும் கம்பி, இருபது கிலோ. அருள்மேரி குனிந்து எடுத்தாள். ஒரு முனை மேலே போக, மறு முனை சுவரில் இடித்துக் காரையைப் பெயர்த்தது. தொண்ணூறிலிருந்து இருபது. இந்தச் செய்தியை இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு. மூன்றாம் நாள் சொன்னேன்.

அதற்கப்புறம் மெஷின் பக்கமே அவள் போகவில்லை. கம்பியைக் காலோடு ஒட்டி எடு, முதுகை வளைக்காதே, மூச்சைப் பிடி என்று மதிவாணன் சொல்லிக்கொண்டே இருப்பான். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. அந்தக் கையோடு ரவிக்கை தைத்தாள். நான் கொடுத்த ஒன்றில் கறைகூட இருந்தது. கேட்கவில்லை. முப்பது, நாற்பது, ஐம்பது. பங்குனிப் பிறப்புக்குள் அறுபத்தைந்து.

அறுபத்தைந்து போதும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். கொள்முதல் நிலையத்தில் லாரி வராத நேரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் நெல் தராசில் ஏற்றிச் சுவரில் எழுதி வைப்பார்கள். அந்தச் சுவரில் ‘அந்தோணி 62’ என்று இருந்தது. அன்றைக்கு நான் முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றி வட்டலப்பம் செய்துகொண்டு போனேன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

எலும்பு கூடியதும், ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. தினமும் தூக்குகிற ஆட்கள் சிரித்தார்கள். அறுபத்திரண்டா, யார் சொன்னது என்று பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரை டிராக்டரில் கொண்டுபோய்த் தராசில் வைத்தார்கள். நாற்காலிக்கு மூன்று கழித்து எழுபத்தாறு.

ஒன்பது மாதமாக அந்த வீட்டுச் சேதி தெரிந்துகொள்ள நான் கையில் மூடிய பாத்திரத்தோடு போயிருக்கிறேன். நெய்ச்சோறு, தாளிச்சா, வாரம் ஒரு இனிப்பு. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அருள்மேரி மட்டும், “பானுக்கா, இனிமே வெறுங்கையோட வாங்க” என்றாள்.

ஒரு வாரம்தான். எழுபது அடித்தாள். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து, சாப்பிடாத வயிற்றோடு, ஜிம் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். எழுபத்தைந்து தரையை விட்டுக் கிளம்பவில்லை. கம்பி மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தாள். பெஞ்சில் நான் ஒருத்தி இருப்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. சனிக்கிழமை ஒரே ஒரு தடவை, ஒரு சாண், மேலே வந்தது.

திங்கள்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. தெருவும் வந்தது. வாசல்படியில் முதல் ஆள் நான்.

நாற்காலிக்கு பிரேக் போட்டாள். அவரைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, முழங்காலுக்கு முழங்கால் கொடுத்து, இடுப்புப் பெல்ட்டைப் பிடித்தாள். தூக்கினாள். நாலு விரற்கடை எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை. அதுவும் இல்லை. அவள் தொடை நடுங்குவது சேலைக்கு மேலேயே தெரிந்தது.

“போதும் அண்ணி” என்றான் ரெஜின், மெதுவாக.

“இன்னும் ஒரு தடவ.”

அவள் குனிந்தபோதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டி வெளுத்துப்போகிற பிடி. இவள் புருஷனை மட்டும் தூக்கவில்லை, கட்டிலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். கையை விடுங்க என்று கத்தப்போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பாக என்னை. கோவிலுக்குப் போகும்போதுகூட மனைவிக்கு நாலடி முன்னால் நடந்த மனுஷர். பதினொரு பேர் பார்க்க அவள் கழுத்தில் எப்படிக் கை போடுவார்? ஒன்பது மாதமாக என் சமையலறை ஜன்னல் வேறு.

ரெஜினின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மற்றவர்களையும் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

“அக்கா, நான் பாக்கணும்னுதானே...”

“காதால கேளு. போதும்.”

உள்ளே அருள்மேரி சொல்வது கேட்டது. “கம்பிய விடுங்க. கழுத்துல போடுங்க. யாரும் இல்ல.”

வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், ரெஜின் கையைக் காட்டி நிறுத்தினான். பிறகு கட்டில் நீளமாக ஒரு கிறீச் விட்டது. பாரம் இறங்குகிற சத்தம். யாருடையது என்று தெரியாத ஒரு மூச்சு. நாற்காலி ரெக்சின் புஸ்ஸென்றது. தாழ்ப்பாளில் கை வைத்தேன், எடுத்துக்கொண்டேன்.

“ரெஜினு, கதவத் தொறடா.” அந்தோணிமுத்துவின் குரல்.

அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். கைலி கோணியிருந்தது. அருள்மேரி தரையில் உட்கார்ந்திருந்தாள். ரெஜின் படிவத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, வெறும் வண்டியோடு போனான்.

இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்குகிறாள். என் ஜன்னலுக்கு அருள்மேரி திரை தைத்துக் கொடுத்தாள், நல்ல தடித்த துணி. நானே மாட்டினேன். ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். காலை ஒன்பது மணிக்கு அந்தக் கட்டில் கிறீச்சிடும் வரைக்கும் நான் மிக்சி போடுவதில்லை.