ஒத்திகையில் சொல்லாத வரி

சர் ரூபர்ட் ஹாலமின் வீட்டுக் கதவை வாரத்துக்கு ஒருவர் தட்டினால் அதிகம். அப்படித் தட்டுகிறவரும் பெரும்பாலும் எதிர் வீட்டைத் தேடி வந்தவராக இருப்பார். பிரைட்டனில் கடலைப் பார்த்த மூன்றாம் மாடி வீடு அது. முதல் மனைவி செத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. இரண்டாவது மனைவி ஒரு பல் டாக்டரோடு ஸ்பெயினில் சுகமாக இருக்கிறாள். பிள்ளை குட்டி இல்லை. கூட நடித்த சிநேகிதர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய இரங்கல் கூட்டங்களில் கவிதை வாசித்ததெல்லாம் இவர்தான். குரல் நன்றாக இருக்கிறதே, யார் விடுவார்கள்?

ஆனால் நாடகம் நடக்கிற நாட்களில் மாலை ஆறு ஐம்பத்தைந்துக்கு அவருடைய ஒப்பனை அறைக் கதவை ஒருவர் தட்டியே ஆகவேண்டும். "அரைமணி, சர் ரூபர்ட்" என்று மேடை நிர்வாகியின் குரல் கேட்கும். திரை ஏழரைக்குத்தான் ஏறும்; முப்பத்தைந்து நிமிடத்தை அரைமணி என்று சொல்வது நாடகக்காரர்களின் கணக்கு. உள்ளேயிருந்து பதில் வரும்வரை தட்டியவர் நகரக்கூடாது. "நன்றி, கண்ணு" என்று இவர் சொல்வார். ரூபர்ட் ஹாலம் என்ற மனிதர் இருக்கிறாரா, இல்லையா என்று இந்த உலகம் சரிபார்க்கிற நேரம் அது ஒன்றுதான். எழுபத்துநாலு வயதில் அவர் மேடைக்குத் திரும்பியது கலைத்தாகத்தால் என்று பத்திரிகைகள் எழுதின. எழுதட்டும். அவர் வந்தது அந்தத் தட்டலுக்காக.

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் அறுத்தவரின் மகன் அவர். பதினேழு வயதில் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவில் நாற்காலி தூக்கச் சேர்ந்து, ஒரு நாள் யாருக்கோ காய்ச்சல் வந்ததால் பாதிரியாராக மேடையேறினார். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் இறங்கவில்லை. ராஜாக்களாக இருந்தார், கொலைகாரர்களாக இருந்தார். சினிமாவில் கப்பற்படைத் தளபதி என்றால் இவர் முகம்தான் என்று ஆனது. ராணி தோளில் வாளை வைத்து சர் பட்டமும் கொடுத்தார். டாக்சிக்காரர்கள் இன்றைக்கும் தளபதியின் வசனத்தை இவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள். இவர் சிரித்துக்கொண்டு இறங்கி, மூன்று மாடி ஏறி, கெட்டிலில் ஒரு கோப்பை அளவுக்கு மட்டும் தண்ணீர் வைப்பார்.

மூன்று வருடமாக வசனம் மனதில் நிற்கவில்லை. இது யாருக்கும் தெரியாது. சினிமாவில் மறைப்பது சுலபம். கேமராவுக்குப் பின்னால் அட்டையில் பெரிதாக எழுதிப் பிடித்துவிடுவார்கள், பெரிய நடிகருக்கு இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொள்வார்கள். பெயர்களும் மறந்தன. நல்லவேளை, நாடகக்காரர்கள் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். மறதிக்காரனுக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. மேடையில் மட்டும்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவேண்டியிருந்தது. ஒரு தடவை மேடையில் வசனம் போய் நின்றால் போதும், செய்தி லண்டன் முழுக்கப் பரவிவிடும். பிறகு அவரை நம்பி எந்தத் தயாரிப்பாளரும் அரங்கம் எடுக்கமாட்டான். கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

ஆகவே உழைத்தார். அவருக்கு வசனம் கண் வழியாக ஏறாது, வாய் வழியாகத்தான் ஏறும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நூறு தடவை சத்தமாகச் சொன்னால் நாக்கே மனப்பாடம் செய்துகொள்ளும். இருபத்தாறு வருடமாக அவருக்கு மேடையுடை மாட்டிவிடும் வில்ஃப் டிராண்டர் தினமும் காலையில் வீட்டுக்கு வந்து எதிர்வசனம் படித்தான். ஆகஸ்ட் முழுக்க இருவரும் மாடு மாதிரி உழைத்தார்கள். அக்டோபரில் முழு நாடகமும் நாக்கில் நின்றது, ஒரு வரி தவிர.

அது கடைசி வரி. இந்தத் தொழிலில் நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொல்லமாட்டார்கள். ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கும் முன்பே நாடகத்தை முடித்துவைத்தால் அது விளங்காது என்பது நம்பிக்கை. முதல் நாள் மேடையில்தான் அந்த வரி முதல்முதலாக வாயைத் திறந்து வெளியே வரும். அதுவரை அந்த இடத்தில் எல்லோரும் டடடா என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

"ஒரே ஒரு தடவை, வில்ஃப். நம்ம வீடு, கதவு சாத்தியிருக்கு, யாருக்குக் கேக்கப் போகுது?" என்று ரூபர்ட் கேட்டுப் பார்த்தார்.

"சார், என் கழுத்தைக்கூட அறுங்க. அதை மட்டும் என்னைப் படிக்கச் சொல்லாதீங்க" என்றான் வில்ஃப். "ஹல் ஊர்ல அந்தப் பையன் ஒத்திகையில திமிரா கடைசி வரியைச் சொன்னானே, என்ன ஆச்சு? மூணாம் நாள் நாடகம் மூடிக்கிச்சு, அவன் மேடையில திறந்து கிடந்த பொந்துல விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டான். நீங்கதானே பாத்தீங்க?"

பார்த்தவர்தான். அதனால் அவருக்கும் தனியாக இருக்கும்போதுகூட அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. ஐந்தே வார்த்தை. தினமும் காலையில் கண்ணால் படித்தார். ஐந்து வார்த்தை எங்கே போய்விடும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார்.

நாடகத்தை எழுதியவள் மெரியல் ஓல்ராய்ட் என்ற பெண். லீட்ஸ்காரி, முப்பத்துநாலு வயது, இது அவளுக்கு முதல் நாடகம். கதை சின்னது. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிழவன். பதினோரு வருடம் கழித்து அவனைப் பார்க்க மகள் வருகிறாள். இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறார்கள். மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போகிறாள். கைப்பிடியில் அவள் கை வைத்ததும் கிழவன் அந்தக் கடைசி வரியைச் சொல்வான். மகள் பெட்டியைக் கீழே வைப்பாள். திரை.

முதல் நாள் பிரைட்டன் அரங்கம் நிரம்பி வழிந்தது. தளபதியை நேரில் பார்க்க லண்டனிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ரூபர்ட் அன்றைக்கு நடித்த மாதிரி பத்து வருடமாக நடித்ததில்லை. ஒரு சொல் தடுக்கவில்லை. இடைவேளையில் வில்ஃப் துண்டால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டு, "குதிரை மாதிரி ஓடுறீங்க சார்" என்றான். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

பிறகு அந்த இடம் வந்தது. மகளாக நடித்த கோரா பெட்டியை எடுத்தாள், நடந்தாள், கைப்பிடியில் கை வைத்து முதுகைக் காட்டி நின்றாள்.

ரூபர்ட் வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

காலையில் படித்த காகிதம் கண்ணுக்குத் தெரிந்தது, அதன் ஓரத்தில் இருந்த காபிக் கறைகூடத் தெரிந்தது. எழுத்து மட்டும் இல்லை. மேடை ஓரத்தில் பிரதியை வைத்துக்கொண்டு மேடை நிர்வாகி தெல்மா உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலைதான். எடுத்துக் கொடு தாயே என்று மனதுக்குள் கெஞ்சினார். அவள் கொடுக்கவில்லை.

அவள்மேலும் குற்றம் இல்லை. ரூபர்ட் ஹாலம் மௌனத்துக்குப் பேர்போனவர். அவர் மௌனத்துக்கு நடுவில் வசனம் எடுத்துக் கொடுத்த ஒருவன் அடுத்த நாளே வேலையை இழந்தான் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்த இடத்தில் அவர் எவ்வளவு நேரம் நிறுத்துவார் என்று தெல்மா ஒத்திகையிலேயே பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். கடைசி வரிக்கு முன்னால் மட்டும் குறிப்பு இல்லை. ஒத்திகை பார்க்காத இடத்துக்கு ஏது குறிப்பு? அது மறதியா, மௌனமா என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலை வரியின்மேல் வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து விநாடி போனது, இருபது போனது. எழுநூறு பேரில் ஒருவர் இருமவில்லை. ரூபர்ட்டின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கை தானாக ஒரு அங்குலம் எழுந்து நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது நடிப்பு இல்லை, பயம். கிணற்றில் விழுந்தவன் மேலே பார்ப்பதுபோல அவர் கோராவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆனதும் கோராவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. கதவைத் திறந்து போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. தெல்மா வேறு வழியில்லாமல் திரையை இறக்கினாள்.

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். பதினொரு தடவை திரை ஏறி இறங்கியது.

ஒப்பனை அறைக்கு இயக்குநர் ஓடிவந்தான். "அப்பப்பா, என்ன மனுஷன்யா நீங்க. கிழவன் சொல்லணும்னு துடிக்கிறான், சொல்ல வரல. அதுக்கு மேல வசனம் எதுக்கு? அந்த வரியைத் தூக்கிரலாம். இனிமே தினமும் இப்படித்தான்." சொல்லிக்கொண்டே தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி உட்கார்ந்திருந்தார் ரூபர்ட். "பாக்கலாம், கண்ணு" என்றார். வில்ஃப் கோட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். தட்ட அதில் தூசியே இல்லை.

எல்லோரும் போனபிறகு மெரியல் வந்தாள். வில்ஃப் அவளைப் பார்த்ததும் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வெளியே போனான். அவள் உட்காரவில்லை.

"நீங்க மறந்துட்டீங்க, இல்லையா?" என்றாள்.

"என்ன கேக்குற, கண்ணு?"

"கோவமில்ல. நெஜமா கோவமில்ல. மறந்திருந்தா சொல்லிருங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நாளைக்கு நானே ஓரத்துல உக்காந்து எடுத்துக் குடுக்கறேன். அந்த வரி மட்டும் இருக்கட்டும்."

"ஒரு வரிதானே."

"ஒரு வரிதான். 'ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போம்மா.' அவ்வளவுதான். பெரிய கவிதையெல்லாம் ஒண்ணும் இல்ல." அவள் கதவைப் பார்த்தாள். "எங்கப்பா அதைச் சொல்லவே இல்ல. நான் கதவுல கை வெச்சிட்டு நின்னேன், நின்னு பாத்தேன். அந்த மனுஷன் ஜன்னலைப் பாத்துட்டு இருந்தாரு. அடுத்த மாசம் செத்துட்டாரு. சொல்ற அப்பன் ஒருத்தனாவது இருக்கட்டும்னுதான் இதை எழுதினேன். இன்னிக்கு நீங்களும் சொல்லல. அவ மறுபடி போயிட்டா."

ரூபர்ட்டின் தொண்டை வரைக்கும் உண்மை வந்தது. மறந்துட்டேன்ம்மா, மூணு வருஷமா இப்படித்தான், ராத்திரியெல்லாம் பயமா இருக்கு என்று சொல்லிவிட்டால் போதும். இப்படிக் கேட்க அவருக்கு வேறு ஆள் வரப்போவதில்லை. அவள் நல்லவள், காப்பாற்றுவாள். அதுவும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் நல்லவர்களும் தூக்கத்தில் உளறுவார்கள், புருஷனிடம் சொல்வார்கள், புருஷன் இன்னொருவனிடம் சொல்வான். கதவு தட்டப்படாத ஒரு மாலையை நினைத்துப் பார்த்தார்.

ஐம்பது வருடத் தொழில் கைகொடுத்தது. புருவத்தை லேசாக உயர்த்தி, எழுநூறு பேரை அடக்கிய அந்தக் குரலில் சொன்னார்: "மறக்கலை, கண்ணு. அந்த ஆளு சொல்லமாட்டான். எனக்கு அந்த இடத்துல அப்படித்தான் பட்டுச்சு."

மெரியல் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல நடிகர். நம்பிவிட்டாள்.

"அப்ப எங்கப்பாவை என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் காலை ரயிலில் லீட்ஸுக்குப் போய்விட்டாள். போகும் முன் தெல்மாவின் பிரதியில் அந்த வரியைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்துக் கொடுத்தாளாம்.

பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. ஒரு நிமிட மௌனத்தைப் பற்றி ஒன்றரைப் பத்தி எழுதியிருந்தான் ஒருவன். லண்டனில் ஆறு மாதத்துக்கு அரங்கம் உறுதியானது. மறுநாள் மாலை ஆறு ஐம்பத்தைந்துக்குத் தெல்மா வந்து தட்டினாள், இவர் நன்றி சொன்னார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வில்ஃப் மட்டும் காலணியின் நாடாவைக் கட்டும்போது தலையை நிமிர்த்தாமல், "ஹல் ஊர்ல நடந்ததை நான் சொல்லாம இருந்திருக்கலாம் சார்" என்றான். அவர் அடுத்த காலை நீட்டினார்.

அன்றைக்கும் கோரா பெட்டியை எடுத்தாள், கைப்பிடியில் கை வைத்து நின்றாள். ரூபர்ட் வாயைத் திறந்தார். வரி வந்தது. நேற்று ஒருத்தியின் வாயிலிருந்து காதால் கேட்டதாலோ என்னவோ, ஒரு எழுத்து குறையாமல் நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லிவிடலாம். சொன்னால் கோரா திகைப்பாள், விளக்குகள் நேரம் தப்பி எரியும், இயக்குநர் தலையில் அடித்துக்கொள்வான். அதற்குமேல், நேற்றைய மௌனம் என்ன என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

வாயை மூடினார், திறந்தார், மூடினார். நேற்று பயத்தில் எழுந்த கையை இன்றைக்கு அளந்து ஒரு அங்குலம் எழுப்பினார். அறுபது விநாடி எண்ணினார். கோரா போனாள். கதவு சாத்திக்கொண்டது. திரை இறங்கியது, வெளியே மழை கொட்டுவதுபோலக் கைதட்டல் கேட்டது.

சாத்திய கதவைப் பார்த்து, "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போம்மா" என்றார் ரூபர்ட்.

ஓரத்திலிருந்து தெல்மா தலையை நீட்டினாள். "ஏதாவது சொன்னீங்களா, சர் ரூபர்ட்?"

"ஒண்ணுமில்ல, கண்ணு. திரையை ஏத்து."