சொல்ல வராத பெயர்

கட்டிய கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் ஹம்சினிக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. அடையாறு மார்க்கெட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்க, "ஸ்ரீநாத், தக்காளியை அமுக்காதே" என்பாள். அசோக் நகரில் இருக்கிற மாமியார் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் அவள் மாறியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு, அவள் பிறப்பதற்கு முந்தின வருடமே செத்துப்போன ஒருவனின் பெயர் வாயில் வர மறுத்தது.

ஆட்டோ கோட்டூர்புரம் பாலத்தில் ஏறும்போதுதான் அது தெரிந்தது. தி. நகர் நீதிமன்றத்தில் எடுக்க வேண்டிய உறுதிமொழியை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாள். "ஹம்சினி ஆகிய நான்" வந்தது. "கொலை செய்யவில்லை" வந்தது. நடுவில் இருக்க வேண்டிய பெயர் மட்டும் வரவில்லை. மறந்து தொலைத்திருந்தாலும் பரவாயில்லை, பெயர் நன்றாகவே ஞாபகம் இருந்தது. சொல்ல வாயெடுத்தால் நாக்கின் நடுவில் சுரீரென்று எரிந்தது.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஓரமா நிறுத்தட்டா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒண்ணுமில்லை, போங்க."

பக்கத்திலிருந்த ஸ்ரீநாத் அவள் கையைப் பிடித்தான்.

அது 1997. முற்பிறவிக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்த புதிது. வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லோரும் ஓர் இயந்திரத்துக்குள் தலையை நீட்டியாக வேண்டும். போன பிறவியில் எந்த இடத்தில், என்றைக்கு உயிர் போனது என்று அது சொல்லிவிடும். ஹம்சினிக்கு அது சொன்ன இடம் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கிணறு. வருடம் 1968. அந்தக் கிணற்றில் விழுந்து செத்தவள் ஜலஜா. புருஷன் தேசிகனுக்குப் பாலில் அரளி விதையை அரைத்துக் கொடுத்துக் கொன்றுவிட்டு விழுந்தவள். தண்டனை அனுபவிக்காமலே தப்பித்துவிட்டாள் என்று தேசிகனின் தம்பி ராமானுஜம் இத்தனை காலம் பொருமிக்கொண்டிருந்தார். இப்போது ஆள் கிடைத்துவிட்டாள். நிரூபணமானால் ஆயுள் தண்டனை. இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கிய மகானுபாவர்கள் தங்கள் தலையை அந்த இயந்திரத்துக்குள் விட்டிருக்க மாட்டார்கள் என்று தாராளமாக நம்பலாம்.

ஒரே ஓர் ஆறுதல் உண்டு. இயந்திரம் சொன்னால் மட்டும் போதாது. வெளியாருக்குத் தெரியாத பழைய விஷயம் ஒன்று குற்றம் சாட்டப்பட்டவரின் வாயிலிருந்தே வர வேண்டும். அந்தக் காலத்து மனிதர் ஒருவர் அதை உண்மை என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

"அதனாலதான் சொல்றேன், எதுவும் பேசாதீங்க," என்றாள் வழக்கறிஞர் வஜீஹா, நீதிமன்றத் தாழ்வாரத்தில். "உறுதிமொழி எடுங்க. எது கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

"மேடம், பேர் சொல்ல வரலை."

"யார் பேர்?"

"அவரோட பேர்."

வஜீஹாவின் முகம் மாறியது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "நாலே எழுத்து, ஹம்சினி. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுங்க. உங்களுக்குப் பயம், அவ்வளவுதான்."

பயம்தான். ஆனால் சிறையை நினைத்து வந்த பயம் பாலத்தோடு போய்விட்டது. இப்போது அவள் நடுங்கியது தனக்குள் வேறு யாரோ விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்து.

உள்ளே எதிர் நாற்காலியில் ராமானுஜம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, நரைத்த தலை, நெற்றியில் பளிச்சென்று திருமண்.

"ஹம்சினி ஆகிய நான், அவரை..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"பெயரைச் சொல்லுங்கள்," என்றார் நீதிபதி.

மறுபடி முயன்றாள். கண்ணில் நீர் முட்டியது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?"

"சொன்னா சூடு வெப்பார்."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதைச் சொன்னவள் தானே என்று அவளுக்கு உறைத்தது. வஜீஹா கண்ணை மூடிக்கொண்டாள். பின்வரிசையில் ஸ்ரீநாத் பாதி எழுந்து, அப்படியே நின்றான்.

நீதிபதி ராமானுஜத்தின் பக்கம் திரும்பினார். "உங்கள் அண்ணன் தன் மனைவிக்கு அப்படி ஏதாவது செய்ததுண்டா? நீங்கள் ஆமாம் என்றால் இவர்தான் ஜலஜா என்பது தீர்ந்துபோகும்."

இந்த நாளுக்காகத்தான் ராமானுஜம் காத்திருந்தார். ஒரே ஒரு ஆமாம் போதும், இவள் உள்ளே போவாள். ஆனால் அதைச் சொன்னால் அண்ணாவின் மானம் கப்பலேறிவிடும். அவர் அண்ணாவைத் தேர்ந்தெடுத்தார்.

"அபாண்டம். எங்க அண்ணா அப்பேர்ப்பட்டவர் இல்லை. அவளைப் பூ மாதிரி வெச்சிண்டிருந்தார்."

"சாட்சி மறுத்துவிட்டார்," என்றார் நீதிபதி. "அப்படியானால் இது நினைவாகக் கணக்கில் வராது."

வஜீஹா ஹம்சினியின் முழங்கையை அழுத்தினாள். "முடிஞ்சுது. உட்காருங்க. வாயைத் திறக்காதீங்க."

உட்கார வேண்டும் என்றுதான் ஹம்சினியும் நினைத்தாள். வீட்டுக்குப் போகலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம், எல்லாவற்றையும் மறந்துவிடலாம். ஆனால் அந்த 'பூ மாதிரி' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பயம் கொஞ்சமும் குறையவில்லை. அதையும் மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"ராமு," என்றாள்.

ராமானுஜம் வெலவெலத்துப் போனார். அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"பூ மாதிரியா வெச்சிண்டிருந்தார்? போஸ்ட்மேன் கேட்டான்னு வாசல்ல நின்னுண்டு அவர் பேரைச் சொன்னேன். அதுக்குத் தோசைத் திருப்பியை அடுப்புல காய வெச்சு எடுத்துண்டு வந்தார். வாயைத் திறடின்னார். என் கை ரெண்டையும் பின்னால இழுத்துப் பிடிச்சிண்டது யாருடா? நீதானே?"

வஜீஹா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்கள், ராமானுஜம்," என்றார் நீதிபதி.

அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை. இந்த முறையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம், கேட்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

"எனக்குப் பதினாறு வயசு," என்றார். "அண்ணா பிடிடான்னார். பிடிச்சேன், மன்னி."

அந்த வாக்குமூலத்தை அப்படியே பதிவு செய்யும்படி நீதிபதி சுருக்கெழுத்தரிடம் சொன்னார். வாசலில் நின்றிருந்த பெண் காவலர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். பின்வரிசையில் நிற்கிற ஸ்ரீநாத்தைத் திரும்பிப் பார்க்க ஹம்சினிக்குத் தைரியம் வரவில்லை.