விரலுக்கு அடங்கிய ஸ்டீயரிங்

பஞ்சாலைக்கு வலது தோள்பட்டை இறுகி ஆறு மாதமாகிவிட்டது. ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் கணவர் மாயாண்டியைச் செம்பனைத் தோட்டத்திலிருந்து சிரம்பான் நகருக்கு டயாலிசிசுக்கு அழைத்துப்போக வேறு ஆளில்லை. அவர்களுடைய பழைய காரின் ஸ்டீயரிங்கை ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கொடுத்துத்தான் திருப்புவாள்.

பக்கத்து ஊரான மம்பாவில் மெக்கானிக்காக இருந்த ரவிச்சந்திரன் அதற்கு ஒரு மின் மோட்டாரைப் பொருத்தினான். கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் டாஷ்போர்டின் கீழே ஒரு திருகு.

"ஒரு வெரலு போதும்கா!"

உண்மைதான். பட்டறை வாசலில் பஞ்சாலை சிரித்தே விட்டாள்.

மறுநாள் காலை, செம்பனை மரங்களுக்கு நடுவே இறக்கத்தில் வண்டி எழுபதைத் தொட்டது. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி. ஒதுங்குவதற்காக வழக்கம்போல் அழுத்தித் திருப்பினாள். கார் சாக்கடைப் பக்கம் பாய்ந்தது. பதறி இழுத்தாள், இப்போது லாரியை நோக்கிப் போனது. ஹாரன் காதைக் கிழித்தது. பிடிப்பது ஸ்டீயரிங்கா காற்றா என்றே தெரியவில்லை. பிரேக்கை மிதித்தாள். லாரி உரசாமல் கடந்தபோது, கார் புல்லில் குறுக்கே நின்றிருந்தது. ஒரு சக்கரம் சாக்கடை விளிம்பில்.

பக்கத்து இருக்கைக்குத் திரும்பினாள். "என்னங்க... என்னங்க..."

"இருக்கேன், பிள்ள," என்றார் மாயாண்டி.

போன் செய்ததும் ரவிச்சந்திரன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். டயர் தடத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"பார்க்கிங்குக்கு லேசா இருக்கட்டும்னு திருக முழுசா தெறந்து வெச்சிட்டேன். வேகத்துல ஓட்டிப் பாக்கவே இல்லக்கா. என் தப்புதான்."

காரைப் பின்னுக்கு எடுத்து, திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினான். அதே இறக்கத்தில் மூன்று முறை தானே ஓட்டினான். பிறகு திருகு அசையாதபடி டேப் சுற்றினான்.

"நான் ஓட்டட்டாக்கா?"

"இன்னிக்கு நீ ஓட்டுவ. புதன்கிழம?"

பஞ்சாலை ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங் இப்போது கைக்குக் கொஞ்சம் கனமாக இருந்தது. ரவிச்சந்திரன் மோட்டார் சைக்கிளில் முன்னே போக, நாற்பதைத் தாண்டாமல் பின்தொடர்ந்தாள். லாரி வந்தபோதெல்லாம் ஓரம்கட்டி நின்றாள்.

டயாலிசிஸ் மையத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதம். என்ஜினை அணைத்த பிறகும் அவள் கை பிடியை விடவில்லை. மாயாண்டிதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"இனிமே வேன் ஏதாச்சும் பாத்துக்கலாம்லா."

"நம்ம தோட்டத்துக்கு எந்த வேன் வருது? எறங்குங்க. கட்டில வேற ஆளுக்குக் கொடுத்துடப் போறாங்க."