பேசாதவர்களின் ஒப்புதல்

கல்லூரி முதல்வர் கனைத்தால் மூன்றாவது மாடியில் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கும். தத்துவம் சாருக்கு அவர் கனைக்கவே வேண்டாம். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே இவர் அருகிலிருக்கும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார். தத்துவம் என்பது அரசியல் தத்துவ ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். வகுப்பில் அவர் புலி. கொடுங்கோலனைக் குடிமக்கள் கவிழ்க்கலாம் என்று மேற்கத்திய சிந்தனையாளர் ஒருவர் சொன்னதை அவர் விளக்கினால், கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூடப் புரட்சிக்குக் கிளம்பிவிடுவான். வெளியே வந்தால் பூனை. அதுவும் நனைந்த பூனை.

அன்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரே தீர்மானம். முதல்வருக்குப் பிடிக்காத புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுக்க மறுத்த நூலகரை வேலையைவிட்டு நீக்குவது. நூலகர் தத்துவத்தின் மனைவிக்குத் தம்பி. அவன் வெளியே வராந்தா பெஞ்சில் காத்திருந்தான்.

"ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்," என்றார் முதல்வர். "யாரும் பேசலைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்கறேன். ஒரு ஊர்ல பேசாம குடியிருக்கறதே அரசுக்குச் சம்மதம்தான்னு நம்ம தத்துவம் சாரே பாடம் நடத்துறார்."

எல்லாத் தலைகளும் தத்துவத்தின் பக்கம் திரும்பின. மின்விசிறிகூடப் பயந்து மெதுவாகச் சுற்றியது. பாடம் அவருடையது, அதை வைத்தே மைத்துனன் கழுத்தை அறுக்கிறார்கள்.

அவர் எழுந்தாரா, நாற்காலி அவரைத் தூக்கிவிட்டதா என்று அவருக்கே தெரியாது.

"ஐயா, அதுக்கு இன்னொரு சிந்தனையாளர் பதில் சொல்லியிருக்கார். விட்டுட்டுப் போக வழி இருந்தாத்தான் பேசாம இருக்கறது சம்மதம். இல்லைன்னா அது வெறும் பயம்."

முதல்வர் கோபப்படவில்லை. அதுதான் பயங்கரம். நிதானமாக நடந்துபோய்க் கதவை அகலத் திறந்தார்.

"வழி இருக்கு சார். சம்மதம் இல்லாதவங்க போகலாம். திரும்பி வர வேண்டியதில்லை. இருக்கறவங்க பேசாம இருந்தாப் போதும்."

சிந்தனையாளர்கள் யாரும் உதவிக்கு வரவில்லை. அவர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆகின்றன. சக ஆசிரியர்கள் மேசையின் மரக்கோடுகளை ஆராய்ந்தார்கள். தத்துவம் நடந்தார். வாசல் அடுத்த நாட்டில் இருந்தது. பின்னால் இன்னொரு நாற்காலி நகராதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனார். நகரவில்லை. உள்ளே எல்லாரும் மூச்சுக்கூட விடாமல் சம்மதித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே மைத்துனன் எழுந்து நின்றான்.

"என்ன அத்தான், முடிஞ்சுதா?"

"எனக்கும் சேத்து முடிஞ்சுது."

"உங்களை எதுக்கு?"

"போக வழி இருக்கான்னு கேட்டேன். காட்டிட்டார். கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, எனக்கும் இடம் கொடு."