இருநூற்றுப் பத்து மணி நேரம்

காலையில் சட்டைக்குள் வலது கை நுழையவில்லை. தோள்பட்டை அப்படிக் கெட்டித்துப்போயிருந்தது. இடது கையால் அதைத் தூக்கி, வேறு யாருடைய கையையோ நுழைப்பது போல நுழைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் உதவிக்கு எழுந்தார். "உக்காருங்க. உங்க உதவியைத்தான் பாத்தாச்சே," என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

நான் வேலை செய்வது ஒரு சலவைக்கூடத்தில். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். போன மாதம் வரை மடிப்பு மேசையில் நின்றேன். உலர்ந்த துணி, நிழல், எதிரே பேச ஒருத்தி. இப்போது நிற்பது ஈரப் பக்கம். சலவை இயந்திரத்தின் டிரம்முக்குள் விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிக் கிடக்கும். காலை ஊன்றி இழுக்க வேண்டும். அந்த இடத்துக்கு யாரையாவது அனுப்ப வேண்டுமென்றால் சூப்பர்வைசர் தண்டனையாகத்தான் அனுப்புவார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"தோள் போனவ, போயும் போயும் இதைக் கேக்குறியே. கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"ஈரப் பக்கம் நிக்கிறேன். பதிலுக்கு தினமும் மூணு மணிக்கு அரை மணி நேரம் வீட்டுக்குப் போய்ட்டு வர விடணும்."

"வீட்ல என்ன புதையலா இருக்கு?"

"புதையல்தான். திருட்டுப் போகுது. காவலுக்குப் போறேன்."

விட்டார். ஈரப் பக்கத்துக்கு ஆள் கிடைத்தால் யமனுக்குக்கூட அரை மணி நேரம் விடுப்புத் தருவார்.

இதெல்லாம் என் மகளின் வலது கண்ணுக்காக. அவளை நாங்கள் வண்டு என்று கூப்பிடுவோம். விளக்கைச் சுற்றும் வண்டு மாதிரி ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். ஆறரை வயது. ஐந்து மாதத்துக்கு முன்பு கண்ணாமூச்சி ஆடினோம். "விரலிடுக்கால பாக்குற, ஏமாத்துக்காரி," என்றேன். அவள் இடது கண்ணை மட்டும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இப்படிப் பொத்தினா ஒண்ணும் தெரியாதும்மா. நான் ஏமாத்தவே இல்ல."

"மத்த கண்ணு திறந்துதானடி இருக்கு."

"திறந்துதான் இருக்கு."

கையை நீட்டினேன். "இது எத்தனை விரல்?"

தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "அது கையா?" என்று கேட்டாள்.

மறுநாளே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதற்கு ஒரு பெயர் சொன்னார். சோம்பேறிக் கண். எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்ல எவரும் சோம்பேறி கிடையாதுங்க. வேற பேரு இருந்தா சொல்லுங்க," என்றேன். அவர் சிரித்தார். பிறகு விளக்கினார்.

"கண்ணுல புண்ணு, நோவு எதுவும் இல்லம்மா. பவர் ரொம்ப வித்தியாசம். மங்கலாத் தெரியுற கண்ணு சொல்றதை மூளை காதுலயே வாங்கலை. நல்ல கண்ணே எல்லா வேலையும் பாத்துடுது."

இது எனக்கு உடனே புரிந்தது. மடிப்பு மேசையில் இரண்டு பேர் நின்று விரிப்பை மடிக்கிறோம். ஒருத்தி கெட்டிக்காரி என்றால் மொத்தத்தையும் அவளே இழுத்து மடித்துவிடுவாள். எதிரே நிற்பவள் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வருஷம் போனாலும் அவளுக்கு வேலை வராது. கெட்டிக்காரியை விடுப்பில் அனுப்பினால்தான் மற்றவள் கற்றுக்கொள்வாள். அதற்குத்தான் நல்ல கண்ணை மூடுவது.

முதலில் கண்ணாடி. அப்புறம் பிளாஸ்திரி. இடது கண்ணை முழுக்க மூடி ஒட்டி, அதன் மேல் கண்ணாடி. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். "எட்டு வயசுக்குள்ள பார்வையை எவ்வளவு வாங்க முடியுமோ வாங்கிடணும். அப்புறம் கஷ்டம்," என்றார் டாக்டரம்மா.

வண்டுக்குப் பள்ளிக்கூடம் பன்னிரண்டு மணிக்கு விடும். வந்ததும் ஒட்டுவேன். ஒரு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரர் சந்தையில் விடியற்காலை மூட்டை இறக்குகிறவர். மதியம் வீட்டில் இருப்பார். ஆறு மணி வரை அவர் பொறுப்பு. இரவு நான் திரும்பும்போது வண்டு தூங்கியிருப்பாள். "எப்படி இருந்தா?" என்பேன். "தங்கமா இருந்தா," என்பார்.

எனக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. அன்றைக்கு மட்டும் வண்டு தங்கமாக இருக்கமாட்டாள். பிளாஸ்திரி ஒட்டியதும் கத்துவாள். பாயில் தடுக்குவாள், வாளியில் இடிப்பாள், தட்டுக்குப் பக்கத்தில் சோற்றை வைப்பாள்.

"நீ கெட்ட அம்மா!"

"ஆமாண்டி, கெட்ட அம்மாதான். ரெண்டு கண்ணாலயும் நல்லாப் பாத்துட்டு அப்புறம் சொல்லு."

ஒரு விடுப்பு நாளில் நாத்தனார் வந்தார். குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைப் பார்த்து மூக்கைச் சிந்தினார். "ஏம்மா இந்தச் சித்திரவதை? ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு. அது போதாதா?"

"உங்க கையில ரெண்டு வளையல் கிடக்கே அண்ணி. ஒண்ணு போதாதா? இன்னொண்ணைக் கழட்டி இங்க வச்சிட்டுப் போங்க."

அவர் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார். போகட்டும். பிள்ளை விஷயத்தில் நான் யாருக்கும் நல்லவளாக இருக்கத் தேவையில்லை.

ஏழு வாரம் கழித்து மறுபரிசோதனை. வண்டின் இடது கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். பழைய வரிசையிலேயே நின்றாள். ஒரு எழுத்து கூட முன்னேறவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒழுங்கா ஒட்டுறீங்களா? பாவம் பாத்து எடுத்துடுறது, மறந்துடுறது..."

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பிளாஸ்திரி வந்த காலிப் பெட்டிகள் மேசையில் விழுந்தன. "எண்ணிக்கோங்க. ஒரு நாள் விடலை. நாங்க கூலிக்காரங்கதான். ஆனா சொன்ன வேலையைச் செய்வோம்."

அவர் கோபப்படவில்லை. வண்டின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கை முகத்துக்கு அருகே இழுத்தார்.

"எந்தக் கண்ணுல ஒட்டுறீங்க?"

"இடது."

"அப்ப வலது புருவத்துல ஏன் முடி இல்ல?"

குனிந்து பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்திருந்தது. இடது புருவம் லேசாகத்தான் கலைந்திருந்தது. வலது புருவம் பிளாஸ்திரியை உரித்து உரித்துப் பாதி மொட்டையாகியிருந்தது. துணியில் கறை எங்கே என்று பத்தடி தூரத்திலிருந்து சொல்லுகிறவள் நான். பெற்ற பிள்ளையின் முகத்தில் பார்க்கத் தவறிவிட்டேன்.

வண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ வேலைக்குப் போனதும் அப்பா மாத்தி ஒட்டுவாரு," என்றாள் மெதுவாக. "அப்பதான் எனக்கு எல்லாம் தெரியும்."

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். நாளுக்கு ஐந்து மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள். ஏழு வாரம். இருநூற்றுப் பத்து மணி நேரம் அந்த வலது கண் இருட்டில் கிடந்திருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் தலைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பிளாஸ்திரியை எந்தக் கண்ணுல ஒட்டுனீங்க?"

ஊசி நின்றது. அவர் வண்டைப் பார்த்தார். வண்டு கூரையைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"நான் சொல்லலைப்பா. புருவம் சொல்லிடுச்சு."

அவர் துணியைக் கீழே வைத்தார். "நீ இடதுன்னுதான் சொன்ன. அவசரத்துல மாத்திச் சொல்லிட்டன்னு நினைச்சேன்."

"ஏழு வாரமாவா எனக்கு அவசரம்?"

"நீ என்னைக்கு அவசரம் இல்லாம இருந்திருக்க?"

"சிரிப்புக் காட்டாதீங்க. எனக்கு வயிறு எரியுது."

"சரி, நீயே சொல்லு. போன வருஷம் உன் தோள் போச்சே, என்ன பண்ணோம்? தூளி கட்டித் தொங்கவிட்டோம். நல்ல கையால வேலை பாத்த. இருபது நாள்ல சரியாச்சா இல்லையா? முடியாத பக்கத்துக்குத்தானே ஓய்வு குடுப்பாங்க? நல்ல கையைக் கட்டிட்டு முடியாத கையால மூட்டையைத் தூக்குன்னு எந்த மடையன் சொல்லுவான்?"

எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் இதைத் தவிர வேறு வைத்தியம் யாருக்கும் தெரியாது. இடுப்புப் பிடித்தால் படு. மணிக்கட்டுச் சுளுக்கினால் கட்டு. என் அப்பாவும் அவர் அப்பாவும் அப்படித்தான் உடம்பை ஓட்டினார்கள். டாக்டரம்மா சொன்னதை எனக்குள் வைத்துக்கொண்டேன். இவரிடம் "இடது, ஆறு மணி" என்று இரண்டு வார்த்தை வீசிவிட்டு ஓடினேன். ஏன் என்று சொல்லவில்லை. அது என் குற்றம்.

ஆனால் அவர் குற்றம் அவருடையது.

"சந்தேகம் வந்தா ஏன் கேக்கலை? ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார். "முதல் நாளு நீ போனதும் எழுந்து நடந்துச்சு. நேரா கதவு நிலையில போய் முட்டுச்சு. நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா, நீ எங்க இருக்க?'ன்னுச்சு. நான் ரெண்டு அடி தள்ளி நிக்கிறேன். மாத்தி ஒட்டினேன். சிரிச்சுது. அப்புறம் என்னால முடியலை. நூறு கிலோ மூட்டையைத் தூக்கிடுவேன். அதை முடியலை."

"நான் மட்டும் கல்லா? விடுப்பு நாள் முழுக்க அதைத்தானே பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. இரக்கத்தால்தான் இந்தக் கேடே வந்தது.

"சரி விடு. இனிமே பன்னெண்டு மணி நேரம் ஒட்டுவோம். போன மணி நேரத்தைச் சீக்கிரம் அடைச்சிடலாம்," என்றார்.

"டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். கூடாதாம். அளவுக்கு மேல மூடினா நல்ல கண்ணு கெட்டுடும். நாளைக்கு ஆறுதான். மொத்தமாக் கொண்டு வந்து கொட்டி அடைக்கிற கடன் இல்ல இது. நீங்கதான் எடுத்தீங்க. நீங்கதான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு மணியாத் திருப்பிக் குடுக்கணும். அது முட்டும், அழும். பாத்துக்கிட்டு உக்காருங்க."

என் கணக்கைச் சொன்னேன். அவர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். சந்தையில் மூட்டைக்குக் கோடு போடுவது போலக் கதவின் உள்பக்கம் நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று நாற்பத்திரண்டு கட்டுப் போட்டார். இருநூற்றுப் பத்து. தினமும் சாயங்காலம் ஆறு கோடு அழிப்பது என்று பேச்சு.

மறுநாள்தான் சூப்பர்வைசரிடம் ஈரப் பக்கத்தைக் கேட்டேன். மூன்று மணிக்கு நனைந்த ஏப்ரனோடு நாலு தெரு ஓடி வருவேன். சொல்லாமல் கதவைத் தள்ளுவேன். முதல் வாரம் நான் பார்த்ததெல்லாம் அழுகைதான். வண்டு ஒரு மூலையில், அவர் இன்னொரு மூலையில். யார் அதிகம் அழுதது என்று தெரியாது. பிளாஸ்திரி மட்டும் இடது கண்ணில் இருந்தது.

சலவைக்கூடத்தில் டிரம் வடிகட்டியில் பொத்தான்கள் சேரும். விடுதியில் தங்குகிறவர்களின் சட்டைகளிலிருந்து விழுந்து, விரிப்புகளோடு வந்தவை. ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்து கொடுத்தேன். இரண்டு துளை ஒரு பக்கம், நாலு துளை ஒரு பக்கம். அதுதான் வலது கண்ணுக்கு வேலை. முதலில் வண்டு விரலால் தடவித் துளையை எண்ணினாள். "கை பாக்கக் கூடாது, கண்ணு பாக்கணும்," என்று அவர் பொத்தானைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். மூக்கு உரச வந்து பார்ப்பாள். "நாலு!" "ரெண்டுடி." "நீ பொய் சொல்றப்பா." "நான் ஏழு வாரம் சொன்ன பொய்யே போதும் தாயி."

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் நான் கதவைத் தள்ளியபோது அவர் கையை முழுக்க நீட்டியிருந்தார். உள்ளங்கையில் ஒரு கறுப்புப் பொத்தான். வண்டு எட்ட நின்று, கழுத்தைச் சாய்த்து, "நாலு. ஒரு துளையில நூல் இருக்கு," என்றாள். இருந்தது. நான் அப்படியே திரும்பி ஓடினேன். டிரம் நின்றிருக்கும்.

இன்றைக்கு மறுபரிசோதனை. இந்தத் தடவை அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேர் காதிலும் விழட்டும் என்று. பழைய வரிசையைத் தாண்டி வண்டு அடுத்ததைப் படித்தாள். அதற்கடுத்ததில் மூன்று எழுத்து சரியாகச் சொன்னாள், இரண்டு தவறு. டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

"இது போதாது. இன்னும் நாலு வரிசை இருக்கு. வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா கண்ணு நகர ஆரம்பிச்சிருக்கு. விடாதீங்க."

"யாரு விடப் போறா?" என்றேன்.

வெளியே வந்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இனிமே மூணு மணிக்கு ஓடி வர வேண்டாமே. அந்த ஈரப் பக்கத்தை விட்டுடு. தோள் என்னத்துக்கு ஆகும்? இன்னுமா எம்மேல நம்பிக்கை வரலை?"

"உங்களை நம்புறது வேற. கோடு அழியட்டும்."

சலவைக்கூடத்திலும் அதே பேச்சு. என் கை தூக்க முடியாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "மேசைக்கே போயிடும்மா. வேற ஆளைப் பாத்துக்கிறேன்," என்றார் சூப்பர்வைசர். அவருக்கும் எங்கேயோ ஈரம் இருக்கிறது போல. "இன்னும் ஒரு வாரம் நான்தான்," என்று இடது கையை டிரம்முக்குள் விட்டேன்.

மூன்று மணிக்குப் போனேன். வண்டு பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்திரி சரியாக இருந்தது. கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டாவது நாள் இது. இன்றைக்கான ஆறு சாயங்காலம்தான் அழியும். அதையும் கழித்துவிட்டு எண்ணினேன். அந்த வலது கண்ணுக்கு நாங்கள் இரண்டு பேரும் இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் தர வேண்டியிருக்கிறது.