ஷாஹித் கடையின் உப்பு

நோன்பின் ஒன்பதாம் நாள் காலை பதினொன்றே காலுக்கு, தேக்கா உணவங்காடியில் ஷாஹித்தின் பிரியாணிக் கடையில் மட்டும் உப்பு, உறைப்பு, புளிப்பு மூன்றும் ஒன்றாகக் காணாமல் போயின. பக்கத்துக் கடைகளில் எல்லாம் இருந்தபடியே இருந்தன. இதை முதலில் கண்டுபிடித்தவர் மாடியில் ரவிக்கை தைக்கும் ரத்தினம்மா. நோன்பு மாதத்தில் ஷாஹித் பகலில் வாயில் எதையும் வைக்கமாட்டார் என்பதால், அந்த ஒரு மாதம் அவருக்கு உப்புப் பார்த்துச் சொல்வது பன்னிரண்டு வருடங்களாக ரத்தினம்மாவின் பொறுப்பு. அன்று ஒரு கரண்டி ஆட்டுக்கறி ஆணத்தை வாயில் விட்டுக்கொண்டு, "பாய், உப்பே இல்ல லா," என்றார். ஷாஹித் ஒரு கை போட்டார். "இன்னும் இல்ல." இன்னொரு கை போட்டார். நான்காவது கைக்குப் பிறகு, அந்த அம்மாளுக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று முடிவு செய்து வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார். நோன்பு பிடித்த சமையல்காரர் செய்யக்கூடிய தவறுதான். மாலையில் நோன்பு திறந்துவிட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டபோது, நனைத்த பஞ்சைத் தின்பதுபோல் இருந்தது.

அதே நாள், அதே பதினொன்றே காலுக்கு, மருத்துவமனைப் படுக்கையில் அவருடைய ஒன்பது வயது மகள் முனீரா, தாய் சம்சுன்னிசா ஊட்டிய கஞ்சியைத் தள்ளிவிட்டு, "ஒண்ணுமே டேஸ்ட் இல்லம்மா," என்றிருந்தாள். அவளுக்கு இரத்தப் புற்றுநோய். கீமோ தொடங்கி மூன்றாவது வாரம். நாக்கு மரத்துப்போவது சகஜம், திரும்பிவிடும் என்றார் டாக்டர். கணவனும் மனைவியும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேற்கொண்டு ஆராய அதில் எதுவும் இருக்கவில்லை.

கடையைக் கொஞ்ச நாள் மூடச் சொன்னார்கள் சிலர். எப்படியும் தெரியப்போவதில்லை, மசாலாவையாவது மிச்சம் பிடியுங்கள் என்றார்கள் வேறு சிலர். ஷாஹித் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளையின் நாக்கு எந்த நிமிடம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? அந்த நிமிடத்தில் சோறு சரியாக இருக்க வேண்டாமா? ஆகவே அளந்த உப்பிலும் அரைத்த இஞ்சி பூண்டிலும் ஒரு சிட்டிகைகூடக் குறைக்கவில்லை. மகள் வீடு திரும்பிய பிறகு, புக்கிட் பாஞ்சாங் வீட்டில் சம்சுன்னிசாவும் அப்படியே. பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டு மூன்று வேளையும் புதிதாகச் சமைத்தார். காகிதம் மாதிரி இருக்கிறது என்று மகள் அழுதால், மடியில் போட்டுக்கொண்டு தானும் கொஞ்சம் அழுதுவிட்டு, மறுவேளைக்கு மீன் வாங்கப் போனார். முடி கொட்டியது. காய்ச்சல் வந்து இரண்டு முறை அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். இரண்டாவது முறை பெற்றவர்களுக்கு உயிரே கையில் இல்லை. முனீரா மட்டும், எதற்கு அழுதாலும் ஊசிக்கு அழுவதில்லை என்று தனக்கொரு சட்டம் வைத்திருந்தாள், அதை மீறவும் இல்லை. கடையில் அதைச் சொல்லும்போதெல்லாம் ஷாஹித்துக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். தேக்காவில் அது பலிக்கவில்லை. ஷாஹித் கடை வரிசை ஒரு ஆள்கூடக் குறையவில்லை. டாக்சி ஓட்டுநர்கள், காய்கறிக் கடைக்காரர்கள், லீவு நாளில் பூன் லேயிலிருந்து ரயிலேறி வரும் வெல்டர்கள் எல்லோரும் நின்று வாங்கி, கடைசிப் பருக்கைவரை தின்றார்கள். பிள்ளையும் இப்படி ருசியில்லாமல்தானே தின்கிறது என்றார்கள். ஒருவர் கைப்பையில் ஊறுகாய் கொண்டுவந்தார். தட்டில் பட்டதும் ஊறுகாயும் சப்பென்று ஆனது. பெருநாள் முடிந்த பிறகும் ரத்தினம்மா தினம் இறங்கிவந்து, ஒரு கரண்டி ருசிபார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இப்படியே ஏழு மாதங்கள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு, அந்தக் கடை மேசைகளில் பேச்சு நின்றது. நாற்பது பேர் வாயில் வைத்த கரண்டியை எடுக்கவில்லை. "யம்மா, உறைப்பு!" என்று கத்தினார் ஓர் ஓட்டுநர். தொலைபேசி ஒலிப்பதற்கு முன்பே ஷாஹித் அதைக் கையில் எடுத்திருந்தார்.

"அத்தா, அம்மா மீன்ல புளி ஜாஸ்தி லா. நீங்க வந்து கேளுங்க."

ஷாஹித் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "எம்புள்ள குத்தம் சொல்லுது! சாப்பாட்டுல குத்தம் சொல்லுது!" என்றார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மகள் முதலாவதாக வந்திருந்தாலும் அந்தக் குரல் வந்திருக்காது.

சிகிச்சை மேலும் ஒன்றே முக்கால் வருடம் நடந்தது. மருந்து மாறிய வாரங்களில் கடையில் ருசி மங்கும், பிறகு தெளியும். வாடிக்கையாளர்கள் தட்டைப் பார்த்தே நிலவரம் தெரிந்துகொண்டார்கள். கடைசி மாத்திரையை விழுங்கிய மறுநாள் பிரியாணி பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துபோனது. நோய் போய்விட்டது, பரிசோதனைக்கு வந்தால் போதும் என்றார்கள்.

முனீராவுக்கு இப்போது பதின்மூன்று வயது. போன மாதம் புதிதாக வந்த ஒருவர், குர்மாவில் இரும்பு வாடை என்று தட்டோடு திரும்பிவந்தார். ஷாஹித் வாயைத் திறப்பதற்குள் வரிசையே பதில் சொன்னது. "முனீராவுக்கு இன்னிக்குப் பல்லுல கம்பி கட்டியிருக்காங்க சார். ரெண்டு நாள்ல சரியாயிடும்." மகளுக்கு இருக்கும் ஒரே தொல்லை பல் கம்பிதான் என்று அத்தனை பேர் வாயால் கேட்டதில் ஷாஹித்துக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த மனிதர் சற்று யோசித்தார். பிறகு உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்.